பூக்கிறது, காய் நிற்கவில்லை: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைச் சொல்கின்றன: செடி நன்றாகப் பூக்கிறது, ஆனால் காய் நிற்பதில்லை. உரக்கடைக்குப் போவதற்கு முன் அந்தப் பூ ஒன்றைப் பறித்துப் பிரித்துப் பாருங்கள் என்பதுதான் எங்கள் முதல் பதில். ஒரு பிளேடும், பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கைலென்ஸும் போதும். பூவுக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெரிந்துவிட்டால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

எங்கள் வீட்டுச் செம்பருத்தி மொட்டைமாடி வரை வளர்ந்துவிட்டது. இதைச் செடி என்பதா, மரம் என்பதா? மல்லிகையையும் சிலர் கொடி என்கிறார்கள், சிலர் புதர் என்கிறார்கள்.
– வாசகி, தஞ்சாவூர்

உயரத்தை விட்டுவிட்டு அடிப்பகுதியைப் பாருங்கள். தண்டு கட்டையாகி, ஆண்டுக்கு ஆண்டு பருத்து, தரையை ஒட்டியே பல கிளைகளாகப் பிரிந்தால் அது புதர்ச்செடி. ஒரே அடிமரம் எழும்பி மேலே போய்க் கிளை பரப்பினால் மரம். தண்டு கட்டையாகாமல் பச்சையாகவே இருந்து, பருவம் முடிந்ததும் காய்ந்துபோனால் சிறுசெடி. புதர்ச்செடிகள் பெரும்பாலும் ஐந்தாறு மீட்டருக்குள் அடங்கிவிடும் என்றாலும் இந்த எல்லை அவ்வளவு கறாரானதல்ல. செம்பருத்தி, மாதுளை, மருதாணி மூன்றும் புதர்ச்செடிகளே. அடியில் வரும் தளிர்களை அவ்வப்போது நறுக்கி, ஒரு தண்டை மட்டும் விட்டு வளர்த்தால் சின்ன மரமாகவே நிற்கும்.

குண்டுமல்லி புதர்தான். அதற்குப் பற்றுக்கம்பி கிடையாது. தாங்கல் கிடைத்தால் நீண்ட கிளைகள் அதன்மேல் சாய்ந்து ஏறும். அதனால்தான் பந்தல் இல்லாத வயலில் அது குத்தாக நிற்கிறது.

இந்தப் பாகுபாடு வெட்டும்போதுதான் உதவும். செம்பருத்தியும் மல்லிகையும் புதிதாக விடும் தளிரின் நுனியில் பூப்பவை. பழைய கட்டையை அப்படியே விட்டுவைத்தால் செடி பெருக்கும், பூ குறையும். குண்டுமல்லியை நவம்பர் கடைசியில் தரையிலிருந்து 45 முதல் 50 சென்டிமீட்டர் விட்டுக் கவாத்து செய்வது இதற்காகத்தான். செம்பருத்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே முறையில் வெட்ட வேண்டாம். நடுவில் குறுக்கே போகும் கிளைகளை முதலில் எடுங்கள். உள்ளே வெயில் விழுந்தால் அடியிலிருந்தே புதுத் தளிர் வரும், மாவுப்பூச்சித் தொல்லையும் குறையும்.

செம்பருத்தி ஆண்டு முழுவதும் பூக்கிறது. ஒரு விதைகூடக் கண்ணில் பட்டதில்லை. விதை எடுத்துப் புது நிறம் உண்டாக்க முடியுமா?
– வாசகர், நாகர்கோவில்

முடியும். ஆனால் உங்கள் வீட்டில் இருக்கும் செடி அதற்கு ஏற்றதா என்று முதலில் பாருங்கள். நம் ஊரில் பூஜைக்கு வைத்திருக்கும் பழைய சிவப்பு ஒற்றைச் செம்பருத்தி விதை கட்டுவது மிக அரிது. தலைமுறை தலைமுறையாகப் போத்து வெட்டி நட்டே பெருக்கப்பட்ட செடி அது. செம்பருத்தி ரகங்களில் குரோமோசோம் எண்ணிக்கை ரகத்துக்கு ரகம் மாறும். பலவற்றில் மகரந்தம் மலடாகவே இருக்கும். அடுக்குச் செம்பருத்தியில் இன்னொரு தடை: மகரந்தத்தாள்களில் பலவும் இதழாக மாறிவிட்டவை.

ஒற்றைப் பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவே நீண்டிருக்கும் தூண், மகரந்தத்தாள்கள் எல்லாம் ஒன்றாக ஒட்டி உண்டான குழல். அதன் மேல்பாதியில் மஞ்சள் குண்டூசித் தலைகளாக நிற்பவை மகரந்தப்பைகள். குழலுக்குள்ளே சூலகத்தண்டு ஓடி, நுனியில் ஐந்தாகப் பிரிந்து வெளியே வருகிறது. அந்த ஐந்து வெல்வெட் புள்ளிகள்தான் சூலகமுடி. பூவின் அடியில் பச்சைப் புல்லிவட்டத்தைக் கிழித்தால் உள்ளே, பின்னால் காயாக மாறும் சூற்பை. குறுக்கே வெட்டினால் ஐந்து அறை தெரியும். தேன் அடியில் இருக்கிறது, சூலகமுடி வெளியே நீட்டி நிற்கிறது. தேன்சிட்டு அலகை உள்ளே விடும்போது தலையோ மார்போ இந்த நுனியில் உரச வேண்டும் என்பதற்கான அமைப்பு இது. தேனீ பக்கவாட்டில் புகுந்து தேனை எடுத்துக்கொண்டு, நுனியைத் தொடாமலே போய்விடும்.

கலப்பு செய்ய, நாற்றுப்பண்ணையில் கிடைக்கும் பெரிய பூ விடும் ஒற்றை ரகங்கள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். தாயாக வைக்கும் செடி நன்கு வேரூன்றி, ஒரு வயதாவது தாண்டியிருக்க வேண்டும். காலையில் பூ விரிந்ததும், மகரந்தப்பை வெடிப்பதற்கு முன்பே சின்ன இடுக்கியால் எல்லாவற்றையும் உதிர்த்துவிடுங்கள். தந்தைச் செடியின் பூவில் மகரந்தப்பை வெடித்து மஞ்சள் தூள் தெரிந்ததும் அந்தப் பூவையே பறித்து வந்து, தாய்ப்பூவின் ஐந்து புள்ளிகளிலும் மெதுவாகத் தடவுங்கள். ஐந்திலும் ஒட்ட வேண்டும். காம்பில் நூல் கட்டி, தாய், தந்தை, தேதி எழுதிய அட்டை தொங்கவிடுங்கள். அன்று மாலையே பூ வாடிவிடும்.

நான்கைந்து நாளில் காம்பு மஞ்சளாகி உதிர்ந்தால் சேர்க்கை பிடிக்கவில்லை. இதழ்கள் காய்ந்து கழன்று, பச்சை முண்டு மட்டும் நின்று உப்பினால் பிடித்துவிட்டது. காய் முற்ற இரண்டு முதல் மூன்று மாதம் ஆகும். பழுப்பு நிறம் ஏறியதும் மெல்லிய வலைத்துணிப் பை கட்டுங்கள், இல்லாவிட்டால் வெடித்து விதை சிதறிவிடும். விதைத்தோலை நகவெட்டியால் லேசாகக் கீறி, ஓரிரவு ஊறவைத்து விதைத்தால் முளைப்பு சீராக வரும்.

சித்திரை, வைகாசி வெயிலில் இதைச் செய்து ஏமாறாதீர்கள். கடும் வெப்பத்தில் மகரந்தம் முளைக்காது, சூலகமுடியும் காய்ந்துவிடும். மார்கழி, தை மாதங்கள் நல்லவை. மழைத்துளி விழும் நாளும் ஆகாது. ஈரம் பட்ட மகரந்தம் வெடித்து வீணாகிவிடும். செம்பருத்தியின் குடும்பத்தைச் சேர்ந்த பருத்தியிலும் இதே வேலைதான் நடக்கிறது. மறுநாள் விரியப்போகும் மொட்டில் மாலையிலேயே மகரந்தத்தாள்களைக் கையால் நீக்கிவிட்டு, மறுநாள் காலை வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தடவுகிறார்கள். 1970-இல் குஜராத்தின் சூரத்தில் வெளியான எச்-4 என்ற உலகின் முதல் வணிகக் கலப்பினப் பருத்திக்கான விதையும் இப்படிக் கையால் உண்டாக்கப்பட்டதே.

மாதுளை சிவக்கச் சிவக்கப் பூக்கிறது. பத்துப் பூவில் எட்டு கொட்டிவிடுகிறது. போரான் தெளித்தேன், பலனில்லை.
– வாசகர், திண்டுக்கல்

கொட்டிய பூக்களைக் கூட்டித் தள்ளாதீர்கள், ஒரு தட்டில் பரப்பி வையுங்கள். இரண்டு வடிவம் தெரியும். அடிப்பகுதி அகன்று குடுவை வடிவில் இருப்பது ஒன்று. அடி குறுகிக் காம்போடு ஒட்டி, மணி வடிவில் இருப்பது இன்னொன்று. இரண்டையும் பிளேடால் நெடுக வெட்டுங்கள். குடுவைப் பூவில் சூற்பை பருத்திருக்கும். சூலகத்தண்டு நீண்டு, நுனி மகரந்தப்பைகளின் உயரத்துக்கு வந்திருக்கும் அல்லது அதையும் தாண்டியிருக்கும். மணிப் பூவில் சூற்பை வளர்ச்சியே பெற்றிருக்காது, தண்டு குட்டையாக மகரந்தத்தாள்களின் அடியில் புதைந்து கிடக்கும். மணிப் பூ செயலளவில் ஆண்பூ. அது காய்க்கவே காய்க்காது. உதிர்வதுதான் அதன் இயல்பு. இடைப்பட்ட வடிவமும் உண்டு. அதில் சில பிடிக்கும், ஆனால் காய் கோணலாகவோ சிறுத்தோ வரும்.

ஆகவே எத்தனை பூ உதிர்ந்தது என்பதைவிட எந்தப் பூ உதிர்ந்தது என்பதே முக்கியம். உதிர்ந்தவை எல்லாம் மணிப் பூ என்றால் செடிக்கு நோய் இல்லை. குடுவைப் பூவின் பங்கைக் கூட்டுவதே வேலை. முதல் அலையில் வரும் பூக்களில் குடுவை வடிவம் அதிகம், பின்னால் வருபவற்றில் மணி வடிவம் பெருகும். முதல் அலையை வீணாக்காமல் காப்பாற்றுங்கள். தினம் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். தழைச்சத்து மிகுந்த உரம், புதுச் சாணம் ஆகியவற்றைப் பூக்கும் சமயத்தில் நிறுத்துங்கள், இலைதான் பெருகும். ஒரு நாள் வெள்ளம், நான்கு நாள் வறட்சி என்று தண்ணீர் விட்டால் பிடித்த காயும் விழும், தப்பியது வெடிக்கும். தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு நாற்பது லிட்டருக்குக் குறைந்த தொட்டி போதாது.

உதிர்ந்தவற்றில் குடுவைப் பூக்களும் நிறைய இருந்தால் மகரந்தம் வந்து சேரவில்லை என்று பொருள். மாடியில் தேனீ வரத்து இல்லாதபோது இப்படி ஆகும். காலை எட்டு முதல் பதினொரு மணிக்குள், உலர்ந்த மெல்லிய ஓவியத் தூரிகையால் மணிப் பூவின் மஞ்சள் தூளை எடுத்துக் குடுவைப் பூவின் நடு நுனியில் தொட்டுத் தொட்டு வையுங்கள். ஒரே செடியின் மகரந்தமே போதும். பூ விரிந்த முதல் இரண்டு நாளில் செய்தால் நல்லது. மணிப் பூவை வேண்டாத பூ என்று முன்கூட்டியே கிள்ளிப் போடுபவர்கள், மகரந்தத்தையே கிள்ளிப் போடுகிறார்கள்.

நெல்லிக்காய் அளவுக்கு வந்த பிறகு காய் விழுந்து, அதில் துளையும் எச்சமும் தெரிந்தால் இந்தப் பேச்சே பொருந்தாது. அது மாதுளைப் பட்டாம்பூச்சியின் புழு. பூவிலும் பிஞ்சிலும் முட்டை இடும். பிஞ்சு பிடித்ததுமே காற்றோட்டமான துணிப்பை கட்டுவதுதான் வீட்டுச் செடிக்குச் சரியான காப்பு.

மாடித்தோட்டத்தில் கத்தரி பூத்து உதிர்கிறது. தேனீக்கள் தினமும் வருகின்றன. பிறகும் ஏன் காய் இல்லை?
– வாசகி, சென்னை

கத்தரிப் பூவின் மகரந்தப்பை மற்றப் பூக்களைப் போலப் பக்கவாட்டில் பிளப்பதில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் மஞ்சள் கூம்பின் நுனியில் இரண்டு சிறு துளை தெரியும். மகரந்தம் அந்தத் துளை வழியாக மட்டுமே வெளியே வரும், அதுவும் அதிர்ந்தால்தான் வரும். தச்சன் வண்டு என்று நாம் சொல்லும் கரிய பெரிய தேனீயும், வயிற்றில் நீலப் பட்டை போட்ட தேனீயும் பூவைக் கவ்விக்கொண்டு, சிறகை அசைக்காமல் பறக்கும் தசைகளை மட்டும் அதிரவைக்கும். ரீங்காரத்தின் சுருதி திடீரென்று உயர்வதைக் காதாலேயே கேட்கலாம். அந்த அதிர்வில் தூள் கொட்டும். நாம் பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. தக்காளி, ஆவாரை, கொன்றை எல்லாவற்றுக்கும் இதே பொறிதான். ஆவாரம்பூவில் தேனே இல்லை. வருகிற தேனீ மகரந்தத்துக்காக மட்டும் வருகிறது. சிறிய மகரந்தத்தாள்கள் அதற்குத் தீனி, கீழே வளைந்து நீண்டிருப்பவை அதன் உடம்பில் தூள் பூசுவதற்கு.

மாடியில் மின் பல்துலக்கி இருந்தால் அதன் பின்பக்கத்தைப் பூக்காம்பில் இரண்டு மூன்று விநாடி வையுங்கள். இல்லாவிட்டால் பூக்காம்பைப் பின்னாலிருந்து விரலால் சுண்டினால் போதும். காலை வெயில் ஏறி ஈரம் காய்ந்த பிறகு செய்யுங்கள்.

சுண்டியும் பிடிக்கவில்லை என்றால் பூவைப் பக்கவாட்டில் பாருங்கள். பச்சை நிறச் சூலகமுடி மஞ்சள் கூம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா? அது காய்க்கும் பூ. கூம்புக்குள்ளேயே அமுங்கியிருந்தால் அது குட்டைத்தண்டுப் பூ, காய்க்காது. செடி வயதாகி, சத்தும் நீரும் குறைந்து, வெப்பம் கூடும்போது குட்டைத்தண்டுப் பூக்கள் பெருகும். அப்போது செடியைத் தரையிலிருந்து அரை அடிக்கு மேல் வெட்டி, மட்கிய எரு இரண்டு கை போட்டு, மறுதளிர் விடச் செய்வதே வழி.

தச்சன் வண்டு கூடு கட்டக் காய்ந்த மூங்கில் துண்டுகளை மழை படாத இடத்தில் கட்டித் தொங்கவிடலாம். நீலப்பட்டைத் தேனீ மண்ணில் வளை தோண்டும். ஒரு மூலையில் கொத்தாத மண் இருக்கட்டும்.

மல்லிகைக்குக் காய் உண்டா? நான் பார்த்ததே இல்லை.
– வாசகர், மதுரை

குடும்ப இயல்பின்படி உண்டு. காட்டு மல்லிகை வகைகளில் கறுத்த சிறு கனிகளைக் காணலாம். நாம் தொடுக்கும் குண்டுமல்லியில் காய் பிடிப்பது மிக அரிது. மல்லிகைக்கு மகரந்தத்தாளே இரண்டுதான். அடுக்கு ரகங்களில் அதுவும் இதழாக மாறியிருக்கும். மாலை கழிந்து விரிவது, வெள்ளை நிறம், இருட்டில் வீசும் மணம், நீண்ட குழல் எல்லாம் அந்துப்பூச்சிக்காக அமைந்தவை. நாமோ விரியும் முன்பே, விடியற்காலையில் மொட்டாகப் பறித்துவிடுகிறோம்.

விதை இல்லாதது குறையல்ல. பதியனும் போத்தும் போட்டால் தாய்ச்செடியின் மணமும் மொட்டின் பருமனும் அப்படியே வரும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் நாற்றுகள் பெருமளவு ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடம் பகுதியிலிருந்து போத்துகளாகவே வருகின்றன. வீட்டில் செய்ய, முற்றியும் முற்றாததுமான கிளையில் மூன்று நான்கு கணு உள்ள 15 சென்டிமீட்டர் துண்டு எடுத்து, அடிக் கணுவை ஒட்டிச் சாய்வாக வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி மணல் கலந்த கலவையில் ஊன்றுங்கள். அடி இலைகளைக் கிள்ளிவிடுங்கள். நிழலும் ஈரக்காற்றும் வேண்டும், தேங்கும் நீர் வேண்டாம்; அழுகிப்போவது பெரும்பாலும் அதனால்தான்.

எருக்கம்பூவில் மகரந்தத் தூளே தெரியவில்லை. பள்ளி ஆய்வகத்தில் பிரித்தும் காண முடியவில்லை. எப்படிச் சேர்க்கை நடக்கிறது?
– பிளஸ் ஒன் மாணவி, விருதுநகர்

அருமையான கேள்வி, உங்கள் ஆசிரியருக்கும் எங்கள் பாராட்டு. எருக்கில் மகரந்தம் தூளாக உதிர்வதே இல்லை. ஒவ்வொரு மகரந்தப்பை அறையிலும் உள்ள துகள்கள் எல்லாம் மெழுகு பூசிய ஒரே தகடாக இறுகியிருக்கும். அதற்கு மகரந்தத் திரள் என்று பெயர்.

பூவின் நடுவே மேடை மாதிரி நிற்பது மகரந்தத்தாள்களும் சூலகமுடியும் ஒன்றாக ஒட்டிய பகுதி. மேலிருந்து பார்த்தால் ஐங்கோணத் தட்டு. அதன் ஐந்து மூலைகளிலும் ஒவ்வொரு கரும்புள்ளி இருக்கும், கண்ணுக்கே தெரியும். அந்தப் புள்ளிக்குக் கீழே செங்குத்தான மெல்லிய பிளவு ஓடுகிறது. ஒரு நுண்ணிய ஊசியைப் பிளவின் அடியில் நுழைத்து, மெதுவாக மேல்நோக்கி இழுங்கள். கரும்புள்ளி ஊசியைக் கவ்விக்கொண்டு கழன்று வரும். அதன் இரு பக்கமும் இரண்டு மஞ்சள் தகடுகள், தோளில் மாட்டிய இரட்டைப் பை போலத் தொங்கும். லென்ஸில் பார்த்தால் கரும்புள்ளி என்பது நடுவில் பிளவுள்ள ஒரு கவ்வி என்று தெரியும்.

தேன் குடிக்க உட்காரும் தச்சன் வண்டின் கால் அந்தப் பிளவில் வழுக்கி நுழைந்து, மேலே இழுக்கும்போது கவ்வியோடு வருகிறது. அடுத்த பூவில் அதே கால் இன்னொரு பிளவில் நுழையும்போது தகடு உள்ளே சிக்கி ஒடிந்து தங்கிவிடுகிறது. சூலகமுடியின் மகரந்தம் ஏற்கும் இடம் அந்தப் பிளவுக்குள்ளேதான் இருக்கிறது, மேல் தட்டில் இல்லை. சின்னப் பூச்சிகளுக்கு இழுத்து விடுபடும் பலம் இருக்காது. சில காலோடு மாட்டிக்கொண்டு அங்கேயே இறந்திருப்பதையும் பார்க்கலாம். ஒரு தகடு சேர்ந்தாலே ஒரு காய்க்குத் தேவையான மகரந்தம் முழுவதும் வந்துவிடுகிறது. பூங்கொத்தில் இத்தனை பூ இருந்தும் ஒன்றிரண்டு காய் மட்டுமே நிற்பதற்கும், நின்ற காய்க்குள் பஞ்சு கட்டிய விதைகள் நிறைந்திருப்பதற்கும் இதுவே காரணம்.

பறித்த பூவின் காம்பில் வடியும் பாலைத் தாளில் ஒற்றி எடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அது கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். கையுறை போடுங்கள், முடித்ததும் சோப்பால் கழுவுங்கள்.

குடைமிளகாய்க்குப் பக்கத்தில் காந்தாரி மிளகாய் வைத்திருக்கிறேன். குடைமிளகாய் காரமாகிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள்.
– வாசகி, கோயம்புத்தூர்

இந்தப் பருவத்துக் காய் காரமாகாது. காயின் சதை என்பது தாய்ச்செடியின் சூற்பைச் சுவர். காரம் ஊறுவது விதை ஒட்டியிருக்கும் உள்நரம்பில். அதுவும் தாயின் திசு. வந்து விழுந்த மகரந்தம் மாற்றுவது விதைக்குள் உருவாவதை மட்டும். அந்த விதையை எடுத்து நட்டால்தான், அடுத்த தலைமுறையில் எதிர்பாராத காரம் வரலாம்.

விதை எடுக்கப்போகிறீர்கள் என்றால், மொட்டுகள் உள்ள கிளையில் ஏற்கெனவே விரிந்த பூவையும் பிஞ்சையும் கிள்ளிவிட்டு, மெல்லிய வலைத்துணிப் பையால் மூடிக் கட்டுங்கள். மிளகாய் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். தினம் ஒருமுறை கிளையைத் தட்டிவிட்டால் போதும். பிஞ்சு தெரிந்ததும் பையைக் கழற்றி, காம்பில் வண்ண நூல் கட்டிவிடுங்கள். முழுதும் பழுத்த பிறகே விதை. கடையில் வாங்கிய கலப்பின விதையில் வந்த செடி என்றால் இவ்வளவு செய்தும் பிள்ளைகள் ஒன்றுபோல் வராது.

உன்னிச்செடியில் ஒரே கொத்தில் மஞ்சளும் சிவப்பும் இருப்பது எப்படி?
– மாணவர், ஈரோடு

விரிந்த புதிதில் மஞ்சள். வயதாகும்போது ஆரஞ்சு, பிறகு சிவப்பு அல்லது இளஞ்சிவப்பு. கொத்து வெளிவட்டத்திலிருந்து உள்நோக்கி விரிவதால் ஓரம் சிவந்தும் நடு மஞ்சளாகவும் தெரியும். மகரந்தச் சேர்க்கை முடிந்த பூவில் நிறமாற்றம் தூண்டப்படுகிறது. தேன் இருப்பது மஞ்சள் பூவில். வண்ணத்துப்பூச்சி அதையே தேடி உட்காரும். பழைய பூ உதிராமல் நிற்பதால் கொத்து தூரத்திலிருந்தும் கண்ணைப் பறிக்கிறது.

அழகுக்காக வேலியில் வைக்க நினைத்தால், வேண்டாம். வெளிநாட்டிலிருந்து தோட்டச் செடியாக வந்து, முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் புல்லையும் உள்ளூர்ப் புதர்களையும் அமுக்கிவிட்ட செடி இது. பறவைகள் கனியைத் தின்று எங்கும் விதைக்கும். வண்ணத்துப்பூச்சிக்கு வெட்சி வையுங்கள். இட்லிப்பூ என்று சிலர் சொல்வது இதைத்தான். அதன் மொட்டு ஒன்றை விரியும் தறுவாயில் பிரித்துப் பாருங்கள்: நான்கு மகரந்தப்பைகளும் மொட்டுக்குள்ளேயே வெடித்து, நடுவில் உள்ள மூடிய சூலகமுடியின் வெளிப்புறத்தில் தூளை ஏற்றிவிட்டிருக்கும். பூ விரிந்ததும் அந்தக் குச்சி தூளை ஏந்திக்கொண்டு நிற்கும். வண்ணத்துப்பூச்சி துடைத்துக்கொண்டு போன பிறகே நுனி இரண்டாகப் பிரிந்து, உட்பக்கத்தில் பிறர் மகரந்தத்தை ஏற்கும்.

மகரந்தச் சேர்க்கையும் கருவுறுதலும் ஒன்றா? தேர்வில் குழப்புகிறது.
– மாணவர், திருவண்ணாமலை

இரண்டும் வேறு. மகரந்தம் சூலகமுடியில் வந்து ஒட்டுவது சேர்க்கை, அத்துடன் அது முடிந்தது. அதற்குப் பிறகு துகள் ஈரத்தை உறிஞ்சி முளைத்து, மகரந்தக்குழாய் சூலகத்தண்டுக்குள் இறங்கி, விதையாக மாறப்போகும் சூலை அடைய வேண்டும். குழாய் கொண்டுவரும் இரண்டு ஆண் கேமீட்டுகளில் (இனச்செல்களில்) ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. மற்றொன்று நடுவில் உள்ள இரண்டு உட்கருக்களோடு சேர்ந்து, கருவுக்கு உணவாகும் முளைசூழ்தசையாகிறது. பூக்கும் தாவரங்களுக்கே உரிய இந்த இரட்டைக் கருவுறுதலை 1898-இல் கண்டறிந்தவர் ரஷ்யாவைச் சேர்ந்த தாவரவியலாளர் நவாஷின். 1962-இல் டெல்லி பல்கலைக்கழகத்தில் தாவரவியலாளர் பி. மகேஸ்வரியின் குழு, அபினிச் செடியின் சூல்களைத் தனியே எடுத்து, சோதனைக்குழாயில் மகரந்தத்தை நேரடியாக அவற்றின் மேல் தூவிக் கருவுறச் செய்தது. சூலகமுடியைத் தொடாமலே கருவுறுதல் நடந்துவிட்டது என்பதை நினைவில் வைத்தால் வேறுபாடு மறக்காது.

கூடலூர் பக்கம் கொஞ்சம் ரொபஸ்டா காப்பி இருக்கிறது. அரபிகா வைத்திருப்பவர்களுக்குக் காய் சீராகப் பிடிக்கிறது, எனக்கு ஒரு வருடம் குலுங்கக் காய்க்கிறது, மறு வருடம் ஏமாற்றுகிறது.
– வாசகர், நீலகிரி

இரண்டும் காப்பிதான், இனப்பெருக்க முறை வேறு. அரபிகா தன் மகரந்தத்தையே ஏற்கும். மழையோ மேகமோ வந்து தேனீ வராவிட்டாலும் ஓரளவு காய் நிற்கும். ரொபஸ்டா தன் மகரந்தத்தைத் தானே மறுக்கும். துகள் முளைத்தாலும் குழாய் சூலகத்தண்டுக்குள் தடுக்கப்பட்டுவிடும். வேறு மரபு கொண்ட ரொபஸ்டா செடியின் மகரந்தம் காற்றிலோ தேனீ வழியாகவோ வந்தாக வேண்டும். ஒரே தாயின் ஒட்டுச் செடிகளை மட்டும் நட்டிருந்தால் எத்தனை செடி இருந்தாலும் அவை எல்லாம் மகரந்தக் கணக்கில் ஒரே செடிதான். பக்கத்தில் வேறு வகை ரொபஸ்டாவை ஊடே ஊடே நடுங்கள், அல்லது காலியான இடங்களை விதை நாற்றால் நிரப்புங்கள்.

அடுத்தது மழை. மார்ச், ஏப்ரலில் விழும் பூ மழை குறைந்தது ஓர் அங்குலமாவது இருந்தால்தான் உறங்கிக்கிடக்கும் மொட்டு எழும். எட்டு முதல் பத்து நாளில் தோட்டமே வெள்ளையாகப் பூக்கும். அரை அங்குலம் தூறிவிட்டு நின்றால் மொட்டு பாதியில் கருகும். அந்தச் சமயம் தெளிப்பு நீர் இருந்தால் மீதியை உடனே கொடுத்துவிடுங்கள். விரிந்த அன்று மழை பெய்தால் ரொபஸ்டாவுக்குப் பெரிய இழப்பு. மகரந்தம் கழுவிப்போகும், தேனீயும் வராது. பூத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் இன்னொரு மழையோ நீரோ கிடைக்காவிட்டால் பிடித்ததும் உதிரும்.

பூ விரிந்திருக்கும் இரண்டு மூன்று நாளும் தோட்டத்தில் எந்த மருந்தும் அடிக்காதீர்கள், வேப்பெண்ணெய் உட்பட. எண்ணெய் சூலகமுடியின் மேல் படலமாகப் படிந்தால் மகரந்தம் ஒட்டாது. வேருக்கு ஊற்றும் ஊடுருவும் பூச்சிக்கொல்லிகள் தேனிலும் மகரந்தத்திலும் ஏறும். பூக்கும் முன் அவற்றைத் தவிருங்கள். நிழல் மரங்களில் மலைத்தேனீ அடை கட்டியிருந்தால், பூ முடியும் வரை தேன் எடுப்பவர்களை மரத்தில் ஏற விடாதீர்கள்.